கல்குவாரித் தவளை

மின்னு பிறந்த அதே மாதத்தில் அவள் பெயரில் ஒரு தவளையும் பிறந்தது. தவளை என்னவோ அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில் கத்திக்கொண்டுதான் இருந்தது. அது உலகத்தில் வேறெங்கும் இல்லாத தனி இனம் என்று எழுதி, மகளின் செல்லப் பெயருக்குப் பின்னால் ஒரு லத்தீன் வாலை ஒட்டி, அதை அவளுடைய அப்பா தவளைக்குச் சூட்டியது அப்போதுதான்.

பல்கலைக்கழகத்தில் அவரை எல்லோரும் தவளைக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது மாடியில் அவருடைய அறை. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் குப்பிகள், குப்பிக்குள் சாராயத்தில் மூழ்கிய தவளைகள். உள்ளே நுழைகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள், பிறகு பேச ஆரம்பிப்பார்கள். அந்தக் கல்குவாரித் தவளையால் அவருக்குக் கொஞ்சம் பேர் கிடைத்தது. குவாரிக்கு ஒரு வேலியும் கிடைத்தது. சாலை போடும்போது பெயர்த்தெடுக்கிற இடிபாடுகளையெல்லாம் அங்கே கொட்டிவிடலாம் என்று நகராட்சி போட்டிருந்த கணக்கு, 'அரிய உயிரினம் வாழும் இடம்' என்ற பலகையைத் தாண்டி உள்ளே போகவில்லை.

அவருடைய மனைவிக்கு அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் வேலை. ஜீனோம் ஆய்வகம் அவள் பொறுப்பில் இருந்தது. ஒரு உயிரின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படிக்கிற இயந்திரம், பார்ப்பதற்குச் சின்ன பீரோ போல, குளிரூட்டிய அறையில் முனகிக்கொண்டிருக்கும். பொழுதெல்லாம் ஆளுக்கொரு தளத்தில் இருந்துவிட்டு, மாலையில் ஒரே காரில் வீட்டுக்குப் போவார்கள். வேலையில் ஒருவர் விஷயத்தில் மற்றவர் தலையிட்டதில்லை. அது எழுதாத ஒப்பந்தம்.

மகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டிருந்த அந்த வருடம் மனைவி எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி ஊருக்குள் இருக்கிற குட்டைகளைப் பற்றியது. எந்தக் குட்டைத் தவளை எந்தக் குட்டைக்குப் போகிறது, எந்தச் சாலை அதை மறிக்கிறது, எந்தக் கால்வாய் வழிவிடுகிறது என்று தெரிய வேண்டும். தவளையின் வாய்க்குள் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒருமுறை தடவி எடுத்தால் போதும். அந்த எச்சிலில் இருக்கிற டி.என்.ஏ.வைப் படித்து, யாருக்கு யார் சொந்தம் என்று சொல்லிவிடலாம். சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருப்பவை பல தலைமுறையாகக் கலக்காமல் இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இப்படிச் சொந்தம் பார்க்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்நியர்களும் வேண்டும். மலையோடையில் வாழும் கறுத்த தவளை ஒன்று. இன்னொன்றுக்கு, வீட்டிலேயே இருக்கிறதே என்று, மின்னுவின் தவளையைச் சேர்த்துக்கொண்டாள்.

படித்த டி.என்.ஏ. எழுத்து வரிசைகளைக் கணினியில் அலசுகிற வேலை ஒரு புள்ளியியல்காரியுடையது. ஆய்வகத்தில் கணக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தவளைக்கும் தேரைக்கும் வித்தியாசம் தெரியாது என்பதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்," என்று அவள் கூப்பிட்டபோது குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. "இந்தக் கறுப்புப் புள்ளிங்க எல்லாம் தனியா ஒரு மூலைல உக்காரும்னு சொன்னீங்கல்ல?"

திரையில் புள்ளிகள் சிதறியிருந்தன. ஊர்க்குட்டைத் தவளைகளுக்குப் பச்சை, மலைத் தவளைக்குச் சிவப்பு, குவாரித் தவளைக்குக் கறுப்பு. சிவப்பு ஓரமாக ஒதுங்கி நின்றது. கறுப்போ பச்சைக் கூட்டத்துக்குள் போய்க் கலந்திருந்தது, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களோடு போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி.

"குழாய் மாறியிருக்கும்," என்றாள் அவள்.

"பன்னெண்டு குழாயும் மாறியிருக்குமாக்கா?"

மிச்சமிருந்த எச்சிலிலிருந்து மறுபடியும் டி.என்.ஏ. பிரித்தாள். இந்த முறை யாரையும் தொட விடவில்லை, குழாய்களில் அவளே எழுதி, அவளே மூடி, அவளே இயந்திரத்தில் ஏற்றினாள். விடை மாறவில்லை. கல்குவாரித் தவளை தனி இனம் இல்லை. ஊர்க்குட்டையில் கத்துகிற, எல்லோருக்கும் தெரிந்த, சாதாரணத் தவளைதான் அது.

சில நாட்கள் வீட்டில் சொல்லாமலே இருந்தாள். காரில் வரும்போது அவர் தன் மாணவர்களைப் பற்றிப் பேசுவார், அவள் 'ம்' கொட்டுவாள். பேச்சில் தவளை வந்தால் சிக்னலைப் பார்ப்பாள். இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது என்று அவளுக்கே பிடிக்காமல் போய்விட்டது. ஒரு விடுமுறைக் காலையில் அவர் தன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் கீழ வைங்க."

"ஏன், சட்டை கருகுதா?"

"ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு நீங்க கருக்கிடுவீங்கன்னு பயமா இருக்கு."

அவள் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, எடுத்த எடுப்பில், "குழாய் மாறியிருக்கும்," என்றார்.

"நானும் அதைத்தான் சொன்னேன்."

"அன்னிக்கு நானும்தான் டி.என்.ஏ. பார்த்தேன். சும்மா முதுகுக் கலரை மட்டும் பார்த்துப் பேர் வைக்கல. ஊர்த் தவளையோட ஒப்பிட்டப்போ அதுல தெளிவா வித்தியாசம் இருந்துச்சு. அதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல. நீங்க பார்த்தது அம்மா வழியா மட்டும் வர்ற ஒரு சின்னத் துண்டு. அந்தக் காலத்துல எல்லாரும் அதைத்தான் பார்த்தாங்க, வேற வழி இல்ல. ஒருத்தரோட மூக்கை மட்டும் பார்த்துட்டு ஆள் யாருன்னு சொல்ற மாதிரி. மூக்கு நிஜம்தான். ஆனா முழு ஆளைப் பார்த்தா வேற மாதிரி இருக்கு."

அவர் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "நானே பிடிச்சுக் கொடுக்கறேன். என் கையால. அதுக்கப்புறம் சொல்லு."

குவாரிக்கு விடிந்ததும் போனார்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கருங்கல்லைப் படிப்படியாக வெட்டி எடுத்த பெரிய பள்ளம், அதன் அடியில் மழைநீர் தேங்கிய குளங்கள். பாறை முழுவதும் ஈரத்தில் கறுத்துப் பளபளத்தது. தவளைகளும் அதே கறுப்பு. பக்கத்தில் போய்க் குனிந்தால்கூட, அது கண்ணை உருட்டாதவரை கல் எது தவளை எது என்று தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் மூன்று கொக்குகள், மனிதர்கள் எப்போது போவார்கள் என்று காத்து நின்றன.

ஐம்பத்தைந்து வயது மனிதர் முழங்கால் வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கையைக் கிண்ணம் போல வைத்து, எதிரே ஒரு விரலை மெல்ல ஆட்டுவார். தவளை விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணம் மூடிக்கொள்ளும். அவள் குச்சியால் தடவி எடுத்துக் குழாயில் போடுவாள். குழாயின் மேல் அவரே எழுதினார். எழுதும்போது கை கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. இருவரும் வேலைக்குத் தேவையானதைத் தவிர எதுவும் பேசவில்லை. திரும்பி வரும்போது அவர் வழுக்கிய இடத்தில் அவள் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு ஏறினார். அவ்வளவுதான்.

அந்த மாதிரிகளும் அதையே சொல்லின.

ஆனால் இந்த முறை கணக்குக்காரி இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். "அக்கா, பெரும்பாலான எடத்துல இது ஊர்த் தவளைதான். ஆனா அங்கங்க சின்னச் சின்னத் துண்டா மலைத் தவளை வருது. போர்வைல ஒட்டுப் போட்ட மாதிரி. நீங்க சொன்னீங்களே, அம்மா வழித் துண்டு, அது முழுசாவே மலைதான். அப்புறம் இந்த எடம் பாருங்க. குவாரியில எல்லாத்துக்கும் ஒரே மலைத் துண்டு, ஒண்ணுகூடத் தப்பல."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தாள். தோலுக்கு நிறம் கொடுக்கிற மரபணு இருக்கிற இடம் அது.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். எப்போதோ, எந்தக் காலத்திலோ, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டோ வழி தவறியோ ஒரு மலைத் தவளை கீழே வந்திருக்கிறது. ஊர்த் தவளையோடு சேர்ந்திருக்கிறது. அதன் பிள்ளைகள் ஊர்க்காரர்களோடேயே கலந்து கலந்து, மலை ரத்தம் கிட்டத்தட்டக் கரைந்தே போய்விட்டது. துண்டுகள் இவ்வளவு சின்னதாக இருப்பதைப் பார்த்தால், அது குவாரி வெட்டப்படுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டைக் கலைப்பது போல டி.என்.ஏ. கலைகிறது. துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு பழையது. கறுப்பு மட்டும் தங்கிவிட்டது.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மூன்று மாடியும் படியேறினாள். தனி இனம் என்பதைவிட இது எவ்வளவு நல்ல கதை! அவருக்குத்தானே முதலில் சொல்ல வேண்டும்?

அவர் அறையில் விளக்குப் போடவில்லை. சன்னல் வெளிச்சத்தில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரே ஒரு குப்பி. முதன்முதலில் பெயர் சூட்டப்பட்ட அந்தத் தவளைதான். கறுப்பு வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. அவள் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தாள். அவர் தலையை ஆட்டினார். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"உங்களுக்குப் புரியலையா? இது எவ்வளவு பெரிய..."

"புரியுது. நல்லாப் புரியுது. நீ சொல்றது சரிதான்."

"அப்புறம் என்ன? பேர் போயிடும்னா? ஒரு தவளை போனா என்ன, நீங்க எத்தனை தவளைக்குப் பேர் வெச்சிருக்கீங்க?"

அவர் குப்பியை மெல்லத் திருப்பினார். "மின்னு பிறந்தப்போ நீ உள்ளே படுத்திருந்தே. எழுந்திருக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. என் உள்ளங்கை அளவுதான் இருந்தா. நர்ஸ் வந்து, பிறப்புப் பதிவுக்குக் குழந்தைக்குப் பேர் என்னன்னு கேட்டாங்க. இன்னும் வைக்கலன்னேன். பரவால்ல, கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்தம்மா எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்."

அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அந்த வராண்டாவுலதான் உக்காந்து தவளைக் கட்டுரையை எழுதினேன். பேர்னு போடற எடம் வந்துச்சு. அவ வயித்துல இருக்கும்போதே நீ மின்னு மின்னுன்னு கூப்பிட்டுட்டு இருந்தியே, அதைப் போட்டேன். அவ பேர் எங்கயுமே இல்லாமப் போயிடக் கூடாதுன்னு தோணுச்சு. தப்பா ரைட்டான்னு எல்லாம் யோசிக்கல. தவளை நிஜமாவே வேற மாதிரிதான் இருந்துச்சு, அதுல நான் ஏமாத்தல. ஆனா அவசரம் இருந்துச்சு."

இத்தனை வருடத்தில் இதை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. புதிதாக அப்பாவானவரின் துள்ளல் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்திருக்கிறாள். அறையின் சாராய நெடியில் அவளுக்குக் கண் எரிந்தது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டாள். இருவரும் சன்னலில் வெளிச்சம் குறைகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். அன்றைக்கு அவள்தான் காரை ஓட்டினாள்.

இரண்டு நாள் கழித்து அவரே தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். அந்த ஆய்வகத்துக்குள் அவர் வந்து பல வருடம் ஆகியிருந்தது. வாசலில் நின்று, "செருப்பைக் கழட்டணுமா?" என்று கேட்டார். கணக்குக்காரி சிரித்துவிட்டு ஒரு நாற்காலியைத் தள்ளினாள்.

"அந்தக் கறுப்புத் துண்டு ஊர்க்குட்டைத் தவளைங்கள்ல யாருக்காவது இருக்கா?"

"ரெண்டு மூணுக்கு இருக்கு சார். ஒரு பக்கம் மட்டும். அம்மாகிட்டேருந்தோ அப்பாகிட்டேருந்தோ வந்திருக்கும்."

"அதுங்க கறுப்பா இருந்துச்சா?"

"இல்லங்க, கொஞ்சம் மங்கலா இருந்ததா நானே எழுதியிருக்கேன்," என்றாள் மனைவி.

அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "அப்போ குட்டையில அது சும்மா கிடந்திருக்கு. நன்மையும் இல்ல, தீமையும் இல்ல. யாரோ வந்து மண்ணைத் தோண்டிக் கருங்கல்லை வெளியே கொண்டு வந்தாங்க. மழைத்தண்ணி தேங்குச்சு. கால்வாய்லேருந்து கொஞ்சம் தவளை போய்ச் சேர்ந்துச்சு. வெளிறின தவளை கறுப்புப் பாறையில உக்காந்தா என்ன ஆகும்? கொக்குக்குத் தட்டுல வெச்ச மாதிரி."

"கறுத்தது தப்பிச்சிருக்கும்."

"தப்பிச்சதுதான் முட்டை போட்டிருக்கும். குவாரி வெட்டி எவ்வளவு காலம் ஆச்சு? நம்ம கட்டடத்தைவிடக் கொஞ்சம்தான் பழசு. அதுக்குள்ள ஒரு கூட்டமே நிறம் மாறியிருக்கு." அவர் கண்ணைத் திறந்தார். "நான் அங்க போய் புதுசா ஒரு இனம் இருக்குன்னு தேடினேன். அது அங்க மாறிட்டு இருந்திருக்கு, நான் பாத்துட்டே இருந்திருக்கேன்."

அன்றையிலிருந்து அவர் பாதி நாள் கீழேதான் இருந்தார். ஆய்வுக்கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். 'இந்த இனம் செல்லாது' என்ற வாக்கியத்தை யார் எழுதுவது என்று ஒரு தயக்கம் வந்தது. அவள் மென்மையாக, சுற்றி வளைத்து நாலு வரி எழுதிக் கொடுத்தாள். அவர் நாலையும் அடித்துவிட்டு ஒரே வரியில் எழுதினார்.

மகளிடம் சொல்வதுதான் பாக்கி. மின்னு வேறு ஊரில் ஒரு கட்டட நிறுவனத்தில் நில அளவை வேலை பார்த்தாள். பள்ளியில் பையன்கள் அவளைப் பார்த்தாலே தவளை மாதிரிக் கத்துவார்கள், அந்த வயதில் அப்பாவோடு அவள் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு எப்படியோ அதுவே பெருமையாகி, வேலை கேட்டுப் போன இடத்தில்கூடச் சொன்னாளாம். அம்மா முதலில் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஆஸ்பத்திரி வராண்டாவையும் சேர்த்து. எல்லாம் கேட்ட மின்னு, "நான் நேர்ல வர்றேன்மா," என்றாள்.

வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அப்பா, என்னைக் கேன்சல் பண்ணிட்டீங்களாமே!"

"பேர் அழியாதும்மா. விதி அப்படி. ஒரு தடவை வெச்ச பேரை யாரும் அழிக்க முடியாது. ஊர்த் தவளையோட பழைய பேருக்குக் கீழ, இதுவும் அதுவும் ஒண்ணுன்னு சின்ன எழுத்துல போடுவாங்க."

"சின்ன எழுத்துல இருந்தாப் போதும்ப்பா. நான்தான் பெரிசாயிட்டேன்ல?" என்றாள் மின்னு.

அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் அது வேறு என்னவோ ஆகி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கப் போனார். தாயும் மகளும் அவர் திரும்பி வரும்வரை வேறு ஏதோ பேசினார்கள்.

கட்டுரை வெளிவந்த பிறகு நகராட்சியில் ஒரு கூட்டம் நடந்தது. அரிய இனம் இல்லையென்றால் வேலி எதற்கு என்ற கேள்வி. அது நியாயமான கேள்விதான் என்று கணவன் மனைவி இருவருக்குமே தெரிந்திருந்தது. தவளைக்காரர்தான் பேசினார். புதுத் தவளை எங்கேயும் கிடைக்கும், ஒரு உயிர் மாறிக்கொண்டிருக்கிற இடம் சுலபத்தில் கிடைக்காது என்றார். பொறியாளர் ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: "சார், போன தடவையும் நீங்கதானே வந்து, இது வேற எங்கயும் இல்லாத தவளைன்னு சொன்னீங்க?"

"ஆமா, நான்தான். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது அவ்வளவு. இப்போ இவங்க படிச்சுச் சொன்னது இது," என்று மனைவியைக் காட்டினார். அவள் எழுந்து, மலைத் தவளையிலிருந்து கொக்கு வரை எளிமையாகச் சொன்னாள். சிலர் கேட்டார்கள், சிலர் போனைப் பார்த்தார்கள்.

முழு வெற்றி கிடைக்கவில்லை. பெரிய பள்ளத்தில் இடிபாட்டைக் கொட்டுவது என்றும், அதை ஒட்டிய சின்னப் பள்ளத்தை ஆராய்ச்சிக்காகப் பத்து வருடம் விட்டுவைப்பது என்றும் முடிவானது. அவள் வீட்டுக்கு வந்தும் புலம்பிக்கொண்டே இருந்தாள். நாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இரண்டு பள்ளமுமே இருந்திருக்கும் என்றாள். "இருந்திருக்கலாம்," என்றார் அவர். "ஆனா உன்னால சும்மா இருந்திருக்க முடியாது. என்னாலயும்தான்." அவளுக்கு அதனால் ஆறுதல் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் புலம்பல் நின்றது.

லாரிகள் வருவதற்கு முந்தின வாரம், பெரிய பள்ளத்திலிருந்த தவளைகளை வாளி வாளியாகச் சின்னப் பள்ளத்துக்கு மாற்றினார்கள். கணக்குக்காரியும் வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தவளையைக் கையில் பிடித்து, அலறி, விட்டுவிட்டு, மறுபடியும் பிடித்தாள். மின்னு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, இரண்டு பள்ளத்துக்கும் நடுவே வழுக்காத ஒரு பாதையைப் பார்த்து, குறிக்கொடி நட்டுக் கொடுத்தாள்.

வெயில் ஏறுகிற நேரத்தில் கடைசிக் குளத்தின் ஓரத்திலிருந்து மின்னு கூப்பிட்டாள். "அம்மா, இது என்ன, இது மட்டும் வெள்ளையா இருக்கு?"

அப்பாவும் அம்மாவும் போய்க் குனிந்தார்கள். கறுத்த கல்லின் மேல் வெளிறிய மண்நிறத்தில் ஒரு தவளை, ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"கால்வாய்லேருந்து வந்திருக்கும். புதுசு," என்றாள் அம்மா.

"இங்கேயே பிறந்ததாவும் இருக்கலாமே," என்றார் அப்பா. "உள்ளே எங்கேயாவது பழைய நிறம் ஒளிஞ்சிருந்திருக்கலாம்."

"எல்லாத்துலயும் கறுப்புத் துண்டு ரெண்டு பக்கமும் இருக்குன்னு கணக்குக்காரி சொல்றாளே."

"எல்லாத்துலயும்னா, நாம பிடிச்ச எல்லாத்துலயும். பிடிக்காததைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

அம்மா பையிலிருந்து ஒரு குச்சியை உறை பிரித்து எடுத்தாள். அவர் கையைக் கிண்ணமாக்கிக்கொண்டு எதிரே ஒரு விரலை நீட்டி, மெல்ல ஆட்ட ஆரம்பித்தார். மின்னு வாளியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.